சிவப்புக் கோட்டைக்குள்: கெய்ரோவில் அல் அஹ்லியைத் தேடி

வியாழன் இரவு

கெய்ரோவுக்கு வருகிறவர்கள் பிரமிடுக்காக வருவார்கள். நானும் பார்க்கத்தான் போகிறேன், ஆனால் கடைசியில். இந்தப் பயணம் அல் அஹ்லி என்கிற கால்பந்துக் கிளப்புக்காகப் போட்டது. ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கை 12 முறை ஜெயித்திருக்கிறார்கள், எகிப்து லீக்கை 2025 வரை 45 முறை. இரண்டாவது இடத்தில் இருக்கும் கெய்ரோவின் இன்னொரு கிளப் ஸமாலெக்கிடம் அதே 2025 வரை இருந்தது 14 லீக் பட்டங்கள். ஒரு கிளப் நூறு வருஷத்துக்கு மேல் இப்படி மேலேயே இருப்பது எப்படி, அதை நடத்தியவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. ஒவ்வொரு நாளும் ராத்திரி அறைக்குத் திரும்பியதும் எழுதிப் போடுகிறேன்.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்ஸியிலேயே பேச்சு தொடங்கிவிட்டது. ஓட்டுநர் முதலில் "ஹிந்தி?" என்றார், தலையாட்டியதும் "அமிதாப் பச்சன்!" என்று கையை உயர்த்தினார். இந்தியர் யாரைப் பார்த்தாலும் இங்கே ஒரு தலைமுறைக்கு அந்தப் பெயர்தான் முதலில் வரும். அப்புறம் நான் ஏன் வந்திருக்கிறேன் என்று சொன்னதும் மனிதருக்கு முகம் மாறிவிட்டது. அவர் ஸமாலெக் ஆள். இந்த ஊரில் அறிமுகமாகும் யாரும் சீக்கிரமே கேட்கும் கேள்வி, நீ அஹ்லாவியா ஸமாலகாவியா என்பதுதான், நடுவில் நிற்க இடம் கிடையாது. நடுவர்கள் எல்லாம் அவர்கள் பக்கம், அரசாங்கம் அவர்கள் பக்கம், பத்திரிகை அவர்கள் பக்கம் என்று நஸர் சிட்டி மேம்பாலம் தாண்டும்வரை கொட்டித் தீர்த்தார். இதை நான் ஒதுக்கித் தள்ளப்போவதில்லை. இத்தனை காலம் ஜெயித்துக்கொண்டே இருக்கும் கிளப்பின் மேல் இந்தக் குற்றச்சாட்டு வருவதும் கிளப்பின் கதையில் ஒரு பகுதிதான். ஆனால் இறங்கும்போது அவரே சொன்னார்: "அவங்க நிர்வாகம் மட்டும் எங்களுக்குக் கிடைச்சிருந்தா!"

அந்த வாக்கியத்தோடு தூங்கப் போகிறேன்.

வெள்ளி

இங்கே வார விடுமுறை. காலையில் மெட்ரோ காலியாக இருந்தது. தஹ்ரீர் சதுக்கத்துக்குக் கீழே இருக்கும் சதாத் நிலையத்தில் இறங்கி, கஸ்ர் எல்-நீல் பாலத்தை நடந்தே கடந்தேன். பாலத்தின் இரண்டு முனையிலும் வெண்கலச் சிங்கங்கள், கீழே நைல். அக்கரையில் கஸீரா தீவு. இறங்கியதும் எதிரில் உயரமான தூண்கள்மேல் சாத் ஸக்லூல் சிலை, ஒரு கை முன்னால் நீண்டிருக்கிறது.

சிலையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் அஹ்லியும் இந்த மனிதரும் ஒரே காலத்தின் பிள்ளைகள். 1907-ல் எகிப்து பேருக்குத்தான் கேதிவ் என்கிற உள்ளூர் மன்னரின் ஆட்சி, உண்மையில் ஆங்கிலேயர் கையில் இருந்தது. முந்தைய வருஷம்தான் தின்ஷவாய் கிராமத்தில் புறா சுடப்போன ஆங்கில அதிகாரிகளோடு நடந்த கைகலப்புக்காகக் கிராமத்துக்காரர்களைத் தூக்கில் போட்டிருந்தார்கள். நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம். கெய்ரோவில் உயர்கல்வி மாணவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது, அரசியல் பேசுகிற இடம் அது. அதன் தலைவர் ஓமர் லுத்ஃபி என்கிற வக்கீல், எகிப்தில் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்டவரும் அவர்தான். பேசினால் மட்டும் போதாது, பையன்கள் சேர்ந்து விளையாடவும் உடம்பை வளர்க்கவும் ஒரு இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இதே தீவில் 1882 முதல் கஸீரா ஸ்போர்ட்டிங் கிளப் இருந்தது, ஆனால் அது ஆங்கிலேயர்களின் இடம். எகிப்தியப் பையன்கள் போய் நிற்க ஒரு புல்தரை கிடையாது.

1907 ஏப்ரல் 24-ஆம் தேதி கூட்டம் கூடி, கிளப் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால் முதல் தலைவர் ஓர் ஆங்கிலேயர், மிட்செல் இன்ஸ், நிதித்துறையில் பெரிய பதவியில் இருந்தவர். அது ஒரு சமயோசிதம் என்று நினைக்கிறேன். ஆட்சி அவர்களிடம் இருக்கும்போது அனுமதியும் பணமும் நகர ஆங்கிலேயர் ஒருவர் முன்னால் நின்றால் வேலை எளிது. அடுத்த வருஷமே அஸீஸ் இஸ்ஸத் பாஷா என்கிற எகிப்தியர் தலைவரானார். பங்குகள் விற்றுத்தான் பணம் திரட்டினார்கள். ஆரம்பத்தில் கூட நின்றவர்களில் தலாத் ஹர்பும் ஒருவர், பின்னால் எகிப்தியப் பணத்தில் எகிப்தியர்களுக்கென்று மிஸ்ர் வங்கியைத் தொடங்கியவர். அமீன் ஸாமி பாஷா வைத்த பெயர்தான் அல் அஹ்லி, தேசிய கிளப். முதல் பொதுக்குழுவுக்குத் தலைமை வகித்தவர், அப்போது கல்வி அமைச்சராக இருந்த சாத் ஸக்லூல்.

இந்தப் பட்டியலில் வக்கீல், வங்கியாளர், கல்வியாளர், அமைச்சர் எல்லாரும் இருக்கிறார்கள், கால்பந்து வீரர் ஒருவர்கூட இல்லை. கால்பந்து அணியே 1911-ல்தான் வந்தது. ஒரு நாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்த கூட்டம், அதில் ஒன்றாக ஒரு விளையாட்டுக் கிளப்பையும் கட்டியிருக்கிறது. 1919-ல் ஆங்கிலேயர் மால்டாவுக்கு நாடு கடத்தியது இதே ஸக்லூலைத்தான், அதை எதிர்த்துத்தான் நாடே தெருவுக்கு வந்தது.

சிலையைச் செய்தவர் மஹ்மூத் முக்தார் என்கிற சிற்பி, அவருக்கான அருங்காட்சியகமும் இதே தீவில் நடக்கிற தூரத்தில். அஹ்லியின் முதல் பெரிய நட்சத்திரத்தின் பெயரும் மஹ்மூத் முக்தார்தான். இருவரும் வேறு வேறு ஆட்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். கால்பந்துக்காரரை எல்லாரும் "எல்-தித்ஷ்" என்பார்கள், அவரைப் பற்றி நாளைக்கு.

பாலத்தில் நின்றுகொண்டிருந்தபோது இன்னொரு தலைவர் நினைவுக்கு வந்தார், அஹ்மத் ஹஸனைன் பாஷா. லிபியப் பாலைவனத்தில் ஒட்டகத்தில் போய் வரைபடத்தில் இல்லாத இடங்களைக் கண்டுபிடித்தவர், ஒலிம்பிக்கில் வாள்வீச்சு ஆடியவர், அரசர் ஃபாரூக்கின் அரண்மனையில் செல்வாக்கான ஆள். 1940-களில் அஹ்லியின் தலைவர். 1946 பிப்ரவரியில் இந்தக் கஸ்ர் எல்-நீல் பாலத்தில்தான் அவருடைய காரில் ஆங்கிலப் படையின் வண்டி மோதி இறந்துபோனார்.

மதியத்துக்குமேல் கெய்ரோ கோபுரத்தில் ஏறினேன். 187 மீட்டர், 1961-ல் கட்டியது. எல்லாரும் பிரமிடு தெரிகிறதா என்று மேற்கே பார்க்கிறார்கள். நான் நேர் கீழே பார்த்தேன். ஒரு பக்கம் கஸீரா கிளப்பின் விரிந்த பச்சை, குதிரைப் பந்தயமும் கோல்ஃபும் நடந்த நிலம். கோபுரத்தை ஒட்டினாற்போல் அஹ்லியின் மைதானம், சிவப்பு இருக்கைகள், நீச்சல் குளம், கூடைப்பந்துத் தளம், நெருக்கியடித்த கட்டடங்கள். வெள்ளைக்காரன் கிளப்பின் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மேலே இருந்து பார்த்தால்தான் உறைக்கிறது. இரண்டு கிளப்பும் இன்னும் இருக்கின்றன, ஆனால் எகிப்து முழுக்கத் தெரிந்த பெயர் எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

சனி

உள்ளே போயாகிவிட்டது!

இது உறுப்பினர்களுக்கான கிளப், அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் நண்பர் ஒரு மருந்துக்கடைக்காரர், மூன்று தலைமுறை உறுப்பினர், அவர்தான் விருந்தினராகக் கூட்டிப்போனார். வாசலில் கழுகுச் சின்னம். உள்ளே நான் எதிர்பார்த்தது கோப்பைகளும் படங்களும். முதலில் கண்ணில் பட்டதோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் பாட்டிகள், கராத்தே உடையில் ஓடும் பிள்ளைகள், ஈரத் தலையோடு நீச்சல் குளத்திலிருந்து வரும் பெண் குழந்தைகள். ஓர் அம்மா சுவரோரம் நின்று கைப்பந்துப் பயிற்சி முடியும்வரை பூசணி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டே காத்திருந்தார். கால்பந்து இங்கே ஒரு பகுதி, மற்ற நேரமெல்லாம் குடும்பங்கள் பொழுதைக் கழிக்கும் இடம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கிளப்புக்கு முதலாளி கிடையாது. இந்தப் பாட்டிகளும் அம்மாக்களும் வயது வந்த பிள்ளைகளும்தான் பொதுக்குழு, அவர்கள் ஓட்டுப் போட்டுத்தான் தலைவரையும் நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்தல் வந்தால் நாள் முழுக்க வரிசை நிற்குமாம். என்னைக் கூட்டிப்போனவர் சொன்னார், "எங்க அப்பா நாட்டுத் தேர்தலுக்குப் போனதில்லை, இதுக்கு ஒரு தடவையும் போகாம இருந்ததில்லை."

பயிற்சி மைதானத்தின் பெயர் முக்தார் எல்-தித்ஷ். குள்ளமான மனிதர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் எகிப்து நான்காவது இடம் வந்தபோது அணியில் இருந்தவர், 1934-ல் உலகக் கோப்பைக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணியிலும் ஆடியவர். ஆனால் இங்கே அவரை நினைப்பது வேறொரு காரணத்துக்காகவும். 1943-ல் எகிப்துக் கால்பந்துச் சங்கம் கூடாது என்று சொல்லியும் அஹ்லி அணி பலஸ்தீனத்துக்குப் போய் ஆடியது, முன்னால் நின்று கூட்டிப்போனவர் தித்ஷ். திரும்பி வந்ததும் வீரர்களைத் தடை செய்தார்கள். அப்போது சங்கத்தின் தலைமையில் இருந்தவர் ஹைதர் பாஷா, அவர் போட்டிக் கிளப்பான ஸமாலெக்கின் தலைவரும்கூட. இந்தப் பகை எவ்வளவு பழசு என்று இதிலேயே தெரியும்.

அப்புறம் அப்பூத் பாஷா காலம், 1946 முதல் 1961 வரை. சர்க்கரை ஆலை, கப்பல் என்று எகிப்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். இந்த வளாகத்துக்காகத் தன் பையிலிருந்தே செலவழித்தவர் என்பதை மருந்துக்கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். 1948-ல் எகிப்து லீக் தொடங்கியதும் முதல் ஒன்பது பட்டங்களையும் அஹ்லியே எடுத்துக்கொண்டது. பாஷாவின் தொழில்களை அதிபர் நாஸரின் அரசு நாட்டுடைமையாக்கியது, அதோடு அவர் காலம் முடிந்தது. அதே நாஸர் இந்தக் கிளப்பின் கௌரவத் தலைவராகவும் இருந்தார். அரசர்களும் பாஷாக்களும் போனார்கள், ராணுவம் வந்தது, கிளப் இருந்த இடத்திலேயே இருந்தது.

சரி, இனி ஸாலேஹ் ஸலீம். இன்றைக்கு எழுத உட்கார்ந்ததே இவருக்காகத்தான்.

அலுவலகக் கட்டடத்தில் கண்ணாடி அலமாரிகளில் கோப்பைகள் அடுக்கிவைத்திருக்கும் கூடத்துக்குப் போனோம். ஆப்பிரிக்கக் கோப்பைகள், லீக் கேடயங்கள், பழைய பழுப்புப் படங்கள். நான் எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். ஸாலேஹ் ஸலீமின் பெரிய படத்துக்கு முன்னால் மருந்துக்கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரைப் பார்த்த மாதிரி. எடுப்பான முகம், சீவிய முடி. சினிமாவிலும் நடித்தவர், ஃபாத்தேன் ஹமாமாவுக்கு ஜோடியாக. 1948-லிருந்து அஹ்லிக்கு ஆடி, நடுவில் ஆஸ்திரியாவில் க்ராட்ஸ் அணிக்குப் போய்வந்து, 1980-ல் கிளப்பின் தலைவரானார். இடையில் ஒரு தவணை விட்டு, சாகும்வரை அவர்தான்.

இவர் என்ன செய்தார்? 1985-ல் நடந்ததைச் சொல்கிறேன். பயிற்சியாளர் விவகாரத்தில் மூத்த வீரர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டு முரண்டு பிடித்தார்கள். எதிரே எகிப்துக் கோப்பையில் ஸமாலெக்கோடு ஆட்டம். எந்தக் கிளப்பாக இருந்தாலும் அந்த ஆட்டம் முடியும்வரையாவது சமாதானம் பேசியிருப்பார்கள். ஸாலேஹ் ஸலீம் அத்தனை பேரையும் தள்ளிவைத்துவிட்டு, இளைஞர் அணிப் பையன்களைச் சிவப்புச் சட்டை போட்டு இறக்கிவிட்டார். தோற்றால் அவருடைய நாற்காலியே ஆடியிருக்கும். பையன்கள் 3-2 என்று ஜெயித்துவிட்டார்கள். ஜெயித்ததை விட, தோற்றாலும் பரவாயில்லை என்று இறக்கினாரே, அதைத்தான் இங்கே எல்லாரும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். "அஹ்லி எல்லாருக்கும் மேலே" என்ற முழக்கத்தை அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள், சுவரில், சட்டையில், பதாகையில், எங்கே பார்த்தாலும் அதுதான்.

அது வெறும் முழக்கமாக நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பட்டது. ஹொஸ்ஸாம் ஹஸன், இப்ராஹிம் ஹஸன் இரட்டையர், கிளப்பின் உயிர் மாதிரி இருந்தவர்கள், 2000-ல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனார்கள், போனது நேராக ஸமாலெக்குக்கு. அங்கே கோப்பையும் ஜெயித்தார்கள், அஹ்லிக்கு அது வலித்தது. 2008-ல் கோல்கீப்பர் இஸ்ஸாம் எல்-ஹதரி சொல்லாமல் கொள்ளாமல் சுவிட்சர்லாந்தின் ஸியோன் கிளப்புக்குப் போய்விட்டார். அந்தக் காலத்து ஆப்பிரிக்காவின் சிறந்த கோல்கீப்பர் அவர். ஆனாலும் அஹ்லிக்குத் திரும்ப அவருக்குக் கதவு திறக்கவே இல்லை. எனக்கு இதில் கொஞ்சம் கடுமை இருப்பதாகத்தான் படுகிறது. மருந்துக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

2001-ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு அஹ்லியை நூற்றாண்டின் சிறந்த ஆப்பிரிக்கக் கிளப்பாக அறிவித்தது. அந்த ஆகஸ்டில் ரியல் மாட்ரிட் கெய்ரோவுக்கு வந்து நட்பு ஆட்டத்தில் 1-0 என்று தோற்றுப்போனது. ஸாலேஹ் ஸலீம் 2002 மே 6-ஆம் தேதி லண்டனில் இறந்தார். பத்து நாள் கழித்து ஸமாலெக்கோடு ஆட்டம், 6-1. காலித் பீபோ என்கிற ஒரே ஆள் நாலு கோல் போட்டார். அந்த எண்களை இன்னமும் கார்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள், இன்றைக்குக்கூட ஒரு மைக்ரோபஸ்ஸின் பின்னால் பார்த்தேன்.

ஞாயிறு

இன்று எழுதுவது கஷ்டம்.

காலையில் மெட்ரோவில் சாத் ஸக்லூல் நிலையத்தில் இறங்கி அவருடைய வீட்டையும் எதிரில் இருக்கும் சமாதியையும் பார்த்தேன். பழைய எகிப்தியக் கோயில் மாதிரி கருங்கல்லில் கட்டிய பெரிய சமாதி. 1927-ல் இறந்தார், உடலை இங்கே கொண்டுவந்து வைத்தது 1936-ல். உள்ளே குளிர்ச்சி, ஆள் அரவமே இல்லை. அங்கிருந்து தஹ்ரீர் பக்கம் நடந்து முஹம்மத் மஹ்மூத் தெருவுக்கு வந்தேன்.

2012 பிப்ரவரி 1-ஆம் தேதி, போர்ட் ஸயீதில் அல் மஸ்ரி அணியோடு அஹ்லி ஆடியது. மஸ்ரி 3-1 என்று ஜெயித்தது, அதாவது கோபப்பட அவர்களுக்குக் காரணமே இல்லை. கடைசி விசில் ஊதியதும் மஸ்ரி பக்கக் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கி அஹ்லி ரசிகர்கள் இருந்த பகுதியை நோக்கி ஓடியது. கத்தி, கட்டை, கல். விளக்குகள் அணைந்தன. வெளியேறும் கதவு பூட்டியிருந்தது, அந்த இடுக்கில் நசுங்கியே பலர் செத்தார்கள். காவலர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மொத்தம் 74 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் இளைஞர்கள், இன்னும் மீசை சரியாக முளைக்காத பையன்களும் இருந்தார்கள். வீரர்களின் உடை மாற்றும் அறையே மருத்துவமனையானது, அஹ்லியின் நட்சத்திர வீரர் முஹம்மத் அபூத்ரிகாவின் கண்ணெதிரே ஒரு ரசிகன் உயிரை விட்டான்.

அது ஏன் நடந்தது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அக்கம்பக்கம் பார்க்கிறார்கள். அல்ட்ராஸ் அஹ்லாவி என்கிற ரசிகர் கூட்டம் 2007-ல் தொடங்கியது, போலீஸோடு மோதியே வளர்ந்தவர்கள். 2011 ஜனவரியில் அதிபர் முபாரக்குக்கு எதிராகத் தஹ்ரீரில் மக்கள் திரண்டபோது போலீஸை எதிர்த்து நிற்கத் தெரிந்த பையன்கள் இவர்கள்தான். அதற்குப் பழிவாங்கினார்கள் என்று அஹ்லாவிகள் உறுதியாக நம்புகிறார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்து மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. முதல் தீர்ப்பு வந்த 2013 ஜனவரியில் போர்ட் ஸயீதில் கலவரம் வெடித்து அங்கேயும் பலர் செத்தார்கள். துக்கம் ஓர் ஊரில் மட்டும் நிற்கவில்லை.

இந்தத் தெருச் சுவர் முழுக்க அந்தப் பையன்களின் முகங்களைச் சிறகோடு வரைந்திருந்தார்கள், படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் மேல் வெள்ளை பூசினார்கள், மறுபடி வரைந்தார்கள், 2015-ல் சுவரின் ஒரு பகுதியையே இடித்துவிட்டார்கள். இன்று நான் பார்த்தது சாயம் பூசிய சுவர், ஒரு ஜூஸ் கடை, அவசரமாகப் போகும் மாணவர்கள். சுவரைப் படம் எடுக்கப் போனேன், கடைக்காரப் பையன் வேண்டாம் என்று விரலால் சைகை காட்டினான். எடுக்கவில்லை.

கிளப் அந்த வருஷம் என்ன செய்தது என்பதையும் எழுதியாக வேண்டும். லீக் நின்றுபோனது. உள்ளூரில் லீக் ஆட்டமே இல்லாமல், அணி ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடியது, நவம்பரில் துனிஸில் எஸ்பெரான்ஸை 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமும் அதே கோப்பை. நடுவே 2012 செப்டம்பரில் சூப்பர் கோப்பை ஆட்டம். இறந்தவர்களுக்கு நீதி கிடைக்கும்வரை ஆடக்கூடாது என்று ரசிகர்கள் கேட்டார்கள், நிர்வாகம் ஆடச் சொன்னது, அபூத்ரிகா ஆட மாட்டேன் என்று விலகிக்கொண்டார். கிளப் அவருக்கு அபராதம் போட்டு இரண்டு மாதம் தள்ளிவைத்தது. ஸாலேஹ் ஸலீமின் விதியை அப்படியே பின்பற்றினார்கள் என்று சொல்லலாம். நான் அபூத்ரிகா பக்கம். 1985-ல் அந்த விதி சரி, 2012-ல் அது தவறான ஆள்மேல் விழுந்தது. கிளப் என்றால் கட்டடமா, நிர்வாகக் குழுவா, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய் வீடு திரும்பாத பையன்களா?

திங்கள்

மெட்ரோ மூன்றாம் தடத்தில் கெய்ரோ சர்வதேச மைதானம். 1960-ல் திறந்தது, எழுபத்தைந்தாயிரம் பேர் கொள்ளும். அஹ்லியின் பெரிய ஆட்டங்கள் நடப்பது இங்கேதான், ஆனால் இது அரசுக்குச் சொந்தம். இத்தனை கோப்பை ஜெயித்த கிளப்புக்கு ஆட்டம் நடத்தச் சொந்த மைதானம் இல்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. ஆட்டம் பார்க்க ரசிகர் அடையாள அட்டை வேண்டும், டிக்கெட் இணையத்தில்தான். வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தால் வெகு முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு அஹ்வாவில் உட்கார்ந்தேன். நம்மூர் டீக்கடைக்கும் கிராமத்துச் சாவடிக்கும் நடுவில் ஓரிடம். கண்ணாடிக் கிளாஸில் கறுப்புத் தேநீர், அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சர்க்கரை, பக்கத்து மேசையில் தாயக்கட்டை பலகையில் மோதும் சத்தம். நான் கிளப்பைப் பற்றிக் கேட்டதும் தாயத்தை அப்படியே விட்டுவிட்டு நாலு பேர் நாற்காலியோடு நகர்ந்து வந்தார்கள்.

முதலில் 2006. அந்த ஆகஸ்டில் முஹம்மத் அப்துல் வஹாப் என்கிற இளம் வீரர் பயிற்சியின்போது மயங்கி விழுந்து இறந்திருந்தார். நவம்பரில் துனீசியாவின் ராதேஸில் ஸ்ஃபாக்ஸியனோடு இறுதி ஆட்டம், கெய்ரோவில் நடந்த முதல் சுற்று 1-1, எதிரணி வெளியூரில் கோல் போட்டிருந்ததால் ராதேஸில் கோல் இல்லாமல் முடிந்தால் கோப்பை போய்விடும். தொண்ணூறு நிமிஷம் தாண்டி அபூத்ரிகா இடது காலால் அடித்தது உள்ளே போனது. பெரியவர் ஒருவர் எழுந்து நின்று, பந்து எங்கிருந்து வந்தது, அவர் எப்படித் திரும்பினார் என்று நாற்காலிகளை நகர்த்திவைத்துக் காட்டினார். அப்போது கோச் போர்ச்சுகல்காரர் மனுவேல் ஜோஸே. இந்தக் கிளப்புக்கு நாலு ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக் வாங்கிக்கொடுத்தவர், போர்ட் ஸயீத் நாளிலும் அவர்தான் கோச்.

அப்புறம் ஓர் இளைஞன் தன் போனை நீட்டினான். 2020 நவம்பர் 27, சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரே வேறு யார், ஸமாலெக். கொரோனாவால் காலி மைதானம். 1-1, 86-ஆம் நிமிஷம், மக்தி அஃப்ஷா தூரத்திலிருந்து உதைத்த பந்து. மேசையைச் சுற்றி எல்லாரும் வர்ணனையாளரோடு சேர்ந்து கத்துகிறார்கள், பத்தாயிரம் தடவை பார்த்திருப்பார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கத்தினேன்.

இன்றைய தலைவர் மஹ்மூத் அல்-கதீப், எல்லாருக்கும் "பீபோ" (நாலு கோல் போட்ட காலித் பீபோ வேறு ஆள்). 1983-ல் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர், 1982-லும் 1987-லும் கிளப்பின் முதல் இரண்டு ஆப்பிரிக்கக் கோப்பைகள் வந்தபோது அணியில் இருந்தவர். 2017 இறுதியில் தேர்தலில் நின்று, பதவியில் இருந்த மஹ்மூத் தாஹிரைத் தோற்கடித்துத் தலைவரானார். தென்னாப்பிரிக்கரான பிட்ஸோ மோஸிமானேயை 2020-ல் கோச்சாகக் கொண்டுவந்தது அவர் காலத்தில்தான். பெரும்பாலும் ஐரோப்பியரையோ எகிப்தியரையோ கூப்பிட்டுவந்த இடத்தில் அது பெரிய முடிவு, வந்த வேகத்தில் அடுத்தடுத்து இரண்டு சாம்பியன்ஸ் லீக்.

ஆனால் பீபோவின் மிகப் பெரிய சோதனை வேறு. சவூதியின் துர்கி அல்-ஷேக் பெரும் பணத்தோடு வந்தார், கிளப்பின் கௌரவத் தலைவராக்கினார்கள். சில மாதங்களிலேயே உரசல். 2018 மே மாதம் அவர் விலகிப்போய், அஸ்யூத்தி என்ற சின்னக் கிளப்பை வாங்கி, பிரமிட்ஸ் என்று பெயர் மாற்றி, விலை உயர்ந்த வீரர்களைக் குவித்தார். பணத்தோடு போனவர் எதிரியாகவே ஓர் அணியைக் கட்டினார் என்று அஹ்வாவில் சொன்னார்கள். அவர் அந்தக் கிளப்பை விட்டுப் போன பின்னும் பிரமிட்ஸ் வளர்ந்தது, 2025 ஜூனில் ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கையே ஜெயித்தது. அதே ஜூனில் அஹ்லி அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் மெஸ்ஸியின் இன்டர் மியாமியோடு 0-0 என்று ஆடியது, போர்ட்டோவோடு 4-4 என்று போட்டி போட்டது, ஆனால் ஓர் ஆட்டமும் ஜெயிக்காமல் திரும்பியது.

அப்போது அந்தப் பணத்தோடு ஒத்துப்போயிருந்தால் என்ன என்று கேட்டேன். தாயம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர் சத்தமாகவே மறுத்தார். தலைவர் பிடிக்கவில்லை என்றால் நாலு வருஷத்தில் ஓட்டுப் போட்டு மாற்றலாம், பணம் போட்டவரை எப்படி மாற்றுவது என்றார். இளைஞனுக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் இல்லாமல் சொந்த மைதானம் எப்போது வரும், ஐரோப்பாவுக்குப் போகும் பையன்களை எப்படிப் பிடித்துவைப்பது என்று அவன் கேட்டான். சலாஹ்வையே பாருங்கள் என்றான். 2011-ல் அவரை வாங்க ஸமாலெக்குக்கு வாய்ப்பு வந்தது, இன்னும் தேற வேண்டும் என்று அதன் தலைவர் விட்டுவிட்டார், பையன் பாசெல் போய் எங்கேயோ போய்விட்டான். அதற்குள் மற்ற இருவரும் குறுக்கே புகுந்து, அது ஸமாலெக்கின் கதை, நமக்கு எதற்கு என்று அவன் வாயை அடைத்தார்கள்.

நான் பெரியவர் பக்கம்தான். மைதானம் இன்னும் பத்து வருஷம் தள்ளிப்போனாலும் சரி, சனிக்கிழமை பார்த்த அந்தப் பாட்டிகள் கையில் ஓட்டு இருக்கும்வரை யாரும் இந்தக் கிளப்பை விலைக்கு வாங்க முடியாது. ஆனால் இளைஞன் கேட்ட கேள்விக்கு அடுத்த தேர்தலில் நிற்கப்போகிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும், இதை அங்கேயே அவனிடமும் சொன்னேன்.

நாளைக்குக் கீஸா, பிரமிடு. மருந்துக்கடைக்காரரும் வருகிறார், வழியில் கோஷரி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.